இடாப்பு யார் கையில்?

மலைநாட்டுத் தமிழ் மக்கள் இன்று கூடிப் பேசும் இடம் எதுவென எவரேனும் நம்மைக் கேட்பாராயின், பிரட்டுக்களம் என்றோ, மாரியம்மன் கோவில் முன்றில் என்றோ, ஹட்டன் கடைவீதி என்றோ நாம் விடை கூறுவதற்கில்லை. அவ்விடங்கள் அழிந்துவிடவில்லை. ஆனால், அங்கே கூடுவோர் மலையில் எஞ்சியிருப்போர் மட்டுமே. கொழும்புக் கடைகளில் நாள் முழுதும் கால்கடுக்க நிற்கும் இளைஞனும், குவைத்திலும் சவூதியிலும் பிறர் வீட்டு அடுப்பெரிக்கும் பெண்ணும், நீலகிரிக்குக் கப்பலேறி அரை நூற்றாண்டு கடந்துவிட்ட உறவினரும், ஆசிரியராயும் தாதியராயும் சட்டத்தரணியாயும் உயர்ந்து நகரங்களிற் குடியேறிய நம்மவரும் தோட்டத்து மக்களோடு ஒன்றாய் அமரும் களம் இன்று ஒன்றே. அது முகநூலிலே அமைந்த குழு. அல்லது வாட்ஸ்அப்பிலே அமைந்த குழு.

இக்குழுக்களை வெறும் பொழுதுபோக்கென்று எள்ளி நகையாடும் பெரியவர்கள் உளர். பொகவந்தலாவையில் ஒரு மூதாட்டி கண்ணை மூடினால், கடல் கடந்து உழைக்கும் மகளுக்கு அச்செய்தி எட்டுவது அங்கேதான் என்பதை அவர்கள் அறிவார்களாக. டிக்கோயா வைத்தியசாலையில் ஒரு பிள்ளைக்கு இரத்தம் வேண்டுமென்றால் குரல் எழுவது அங்கேதான். கந்தப்பளையிலும் இராகலையிலும் கோவாவும் லீக்ஸும் பயிரிடுவோர், மூட்டைகளை லொறியில் ஏற்றுமுன் அன்றைய விலையை விசாரிப்பதும் அங்கேதான். 2018 ஒக்டோபரில், ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கோரி மலையக இளைஞர்கள் கறுப்புடை அணிந்து காலிமுகத்திடலில் திரண்டபோது, அவ்வழைப்பு கைபேசிவழியே மலைக்கு மலை தாவிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்து நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்ட நாட்களில், "எங்கள் தோட்டத்தார் உயிரோடிருக்கிறார்களா?" என்று வெளியூரிலிருந்தோர் கதறிக் கேட்டதும் இக்குழுக்களிலேயே.

அத்தகைய களம் யாருடையது? அதன் உடைமையாளன் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டால், இந்த மக்கட்கூட்டம் எங்கே போய்க் கூடும்? எவர் அழைக்க, எந்தப் பட்டியலைப் பார்த்து, யாரை யார் தேடிப் பிடிப்பது? இவ்வினாவை நாம் எழுப்பும்போதெல்லாம் நண்பர்கள் புன்முறுவல் பூக்கிறார்கள். "முகநூல் மூடுமா? உலகமே அதில் இருக்கிறதே!" என்கிறார்கள்.

மூடாது என்பார்க்கு

கோப்பி அழியாது என்றும் ஒரு காலத்தில் இம்மலைகளிலே சொன்னார்கள். 1869இல் இலையிலே ஒரு துருநோய் கண்டது; இருபது ஆண்டு செல்வதற்குள் கோப்பித் தோட்டங்கள் இருந்த சுவடு மறைந்தது. நிலம் துரைமாருக்கு மிஞ்சிற்று. கூலிகளுக்கு மிஞ்சியது வழிநடை.

ஜியோசிட்டிஸ் என்றொரு தளம் இருந்தது. இலட்சக்கணக்கானோர் அதில் தத்தம் பக்கங்களை அமைத்து வாழ்ந்தனர். யாஹூ நிறுவனம் அதனை 1999இல் பெரும் பணம் கொடுத்து வாங்கிற்று. 2009 ஒக்டோபரில் இழுத்து மூடிற்று. இந்தியரும் பிரேசில் நாட்டாரும் மொய்த்துக் கிடந்த ஓர்குட் 2014 செப்டெம்பர் 30இல் மூடப்பட்டது. தமிழர் பலர் வட்டம் வட்டமாய் அமர்ந்து இலக்கியமும் அரசியலும் பேசிய கூகுள் பிளஸ் தளத்துக்கு 2018 ஒக்டோபரில் மரண ஓலை வாசிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரை தவணை என்றார்கள். பின்னர், தளத்தில் இன்னொரு பழுது கண்டோம் என்று கூறி, தவணையை நான்கு மாதம் முன்னுக்கு இழுத்து 2019 ஏப்ரல் 2இல் முடித்துவிட்டார்கள். ஆகஸ்டை நம்பி ஆறுதலாய் இருந்தவனை யார் கேட்டார்?

யாஹூ குழுக்களின் கதை இன்னும் கொடிது. இருபதாண்டுக் காலம் மக்கள் எழுதிச் சேர்த்தவை அங்கே மலைபோற் குவிந்திருந்தன. 2019 ஒக்டோபரில் அவையனைத்தும் அழிக்கப்படும் என்று அறிவித்தல் வந்தது. அழியுமுன் பிரதி எடுத்து வைப்போம் என்று தன்னார்வலர்கள் இரவுபகலாய் முனைந்தனர். நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? அத்தன்னார்வலரின் கணக்குகளையே முடக்கிற்று! தான் காப்பாற்றவும் இல்லை. காப்பாற்ற வந்தவனை விடவும் இல்லை. 2020 டிசெம்பரிற் குழுக்களே இல்லாதொழிந்தன.

அயலிலே, பெங்களூரிற் பிறந்து, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கெனவே வளர்ந்த கூ என்னும் தளம் 2024 ஜூலையிற் கடையைக் கட்டிற்று. இவையெல்லாம் உடைமையாளன் மூடியவை. அரசு மூடியதும் உண்டு. 2020 ஜூன் 29இல் இந்திய அரசு டிக்டொக் முதலிய 59 செயலிகளைத் தடை செய்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அதன்வழியே ஒருவரையொருவர் கண்டு பாடியும் பேசியும் வந்த எளிய மக்களுக்கு ஒரு நாள் தவணைகூட இல்லை.

நமது வீட்டுக்கே வருவோம். 2018 மார்ச்சில், கண்டி மாவட்டத்திலே திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்கள்மீது காடையர் பாய்ந்தபோது, முகநூலும் வாட்ஸ்அப்பும் வைபரும் நாடெங்கும் தடுக்கப்பட்டன. முகநூல் திரும்ப ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னர் மீண்டும் தடை. 2022 ஏப்ரல் 3இல், மக்கள் வீதிக்கு இறங்கிய வேளையில் மீண்டும் தடை. அத்தடைகளின் நியாய அநியாயம் வேறு வழக்கு; அதனை இன்று நாம் வாதிட வரவில்லை. மூன்று முறையும் மலையகக் குழு எதனிடத்தாவது "இங்கே அடைத்தால் அங்கே கூடுவோம்" என்று முன்கூட்டியே முடிவு செய்த இடம் ஒன்று இருந்ததா என்பதே நமது கேள்வி.

முழுக் கதவையும் சாத்தவேண்டும் என்பதுமில்லை. ஒரு காம்பராவை மட்டும் இடித்துவிடலாம். 2025 பெப்ரவரியில் முகநூல் நிறுவனம் ஓர் அறிவித்தல் விடுத்தது: நேரலைக் காட்சிகள் இனிமேல் 30 நாட்களே இருக்கும், பழையவற்றை அறிவித்தல் கிடைத்த 90 நாட்களுக்குள் இறக்கி வைத்துக்கொள்ளாவிட்டால் அவையும் நீக்கப்படும். 2023இல், நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைவெய்தியதை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர் நடந்தனரே! அந்த நடையை வழிநெடுகக் கைபேசியிற் பிடித்து நேரலையாய் விட்டவர்களில் எத்தனை பேர் இந்த அறிவித்தலை வாசித்தனர்? எத்தனை பேர் இறக்கி வைத்தனர்? காட்டுவழியிலே செத்து விழுந்த பாட்டனுக்கு நடுகல் இல்லை என்று அழுத சமூகம், பேரன் நடந்த காட்சியையும் தொலைக்க வேண்டுமோ?

லயத்துக்கும் தளத்துக்கும் என்ன வேற்றுமை

சட்டம் படித்தவர்கள் குத்தகைக்கும் அனுமதிக்கும் இடையே கோடு கிழிப்பார்கள். குத்தகைக்காரனுக்குத் தவணை உண்டு. தவணைக்குள் வெளியேற்றினால் நியாயம் கேட்க நீதிமன்றம் உண்டு. அனுமதி பெற்று இருப்பவனுக்கோ, அனுமதித்தவனுடைய மனம் மாறும்வரை மட்டுமே இடம். 1992இல் அரசாங்கத் தோட்டங்களைக் கம்பனிகளிடம் ஒப்படைத்தபோது, கம்பனிகளுக்கு 53 ஆண்டுக் குத்தகை கிடைத்தது. அதே மண்ணில் ஐந்து தலைமுறை பிறந்து மடிந்த தொழிலாளிக்கு லயக்காம்பராவில் இருக்க அனுமதி கிடைத்தது. இதனை நாம் நாற்சந்தியிலே நின்று கண்டிக்கிறோம். ஏழு பேர்ச் நிலத்துக்கு உறுதி எங்கே என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கிவிட்டுக் கைபேசியை எடுத்து, வாசிக்காத நிபந்தனைப் பத்திரம் ஒன்றுக்கு "சம்மதம்" என்று விரலாற் கையொப்பமிட்டு, கலிபோர்னியாவிலே இருக்கும் ஒரு துரையின் லயத்தில் நாமாகவே குடிபுகுகிறோம். அந்தத் துரை எந்நேரமும் சேவையை மாற்றலாம், நிறுத்தலாம், கணக்கை நீக்கலாம். வாடகை வாங்கவில்லையே என்று மகிழ்வாரும் உளர். நமது பேச்சையும் விருப்பையும் அளந்து விளம்பரக்காரனுக்கு விற்பதுதான் வாடகை என்பதை அவர்கட்கு யார் சொல்வது!

அக்காலத்தில் துண்டு என்றொரு முறை இருந்தது. பழைய தோட்டத்துக் கடன் இவ்வளவென்று எழுதிய துண்டு இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்திற் பேர் பதிய முடியாது. 1921இல் அந்தக் கொடுமை சட்டத்தால் ஒழிந்தது. இன்று மறுதலையான துண்டு முறை வந்திருக்கிறது. நீங்கள் தளத்தைவிட்டு வெளியேறலாம், யாரும் தடுக்கார். ஆனால், அங்கே தேடிய உறவுகளில் ஒன்றையும் எடுத்துச் செல்லலாகாது. முகநூலிலிருந்து உமது படங்களையும் உமது பதிவுகளையும் இறக்கிக்கொள்ள வழியுண்டு. உமது பதிவுக்குக் கீழே ஊரார் இட்ட நூறு மறுமொழிகளும், இருபதாயிரம் அங்கத்தவரை மறுபடி அழைப்பதற்கான எண்களும் அந்தப் பொதிக்குள் வாரா. ஐரோப்பிய ஒன்றியம் 2018 மே 25இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 20ஆம் உறுப்புரை, ஒருவர் தம் தரவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமையைக் கூறுகிறது. நல்லதே. ஆயின் அது ஒருவருக்குரிய உரிமை. நமது நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டமும், பெயரே சொல்வதுபோல, தனியாள் தரவைப் பற்றியதே. கூட்டத்துக்கு உரிமை எங்கே? சட்டத்தின் கண்ணுக்கு அக்கூட்டம் தெரிவதேயில்லை.

ஒவ்வொரு தோட்டத்திலும் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. ஐம்பது குடும்பம் கொண்ட சங்கமாயினும் அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு. அங்கத்தவர் இடாப்பு உண்டு. கூட்டக் குறிப்பேடு உண்டு. லயம் இடிந்தாலும் கொப்பி ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும். இருபதாயிரம் பேர் கொண்ட முகநூற் குழுவுக்கு இவற்றில் ஒன்றாவது உண்டா? அங்கே ஒரு நிர்வாகி இருக்கிறார். அவர் பெரிய கங்காணி. அவரை எவரும் தெரிந்தெடுக்கவில்லை. சினந்தால் ஆளை நீக்குவார். சலித்தால் குழுவையே வேறு பெயருக்கு மாற்றிக் கைபேசிக் கடை விளம்பரம் போடுவார். ஆட்கள் நிறைந்த பக்கங்களை விலைக்குக் கைமாற்றுவது உலகெங்கும் நடக்கும் வாணிகம். தலைக்கு இவ்வளவென்று காசு வாங்கிய பழைய கங்காணியை நமது எழுத்தாளர்கள் எழுதி எழுதித் தீர்த்துவிட்டார்கள். புதியவரைப் பற்றி ஒரு வரியும் எழுதக் காணோம்.

கோ. நடேசய்யரின் வரலாற்றை இளைஞர்கள் ஒருமுறை படிக்கவேண்டும். தோட்டம் துரையின் தனியுடைமை; அந்நியன் நுழைந்தால் அத்துமீறல். ஆதலின் அவர் புடவை வியாபாரி வேடம் பூண்டு லயங்களுக்குள் புகுந்தார். ஆனால், துரையின் நிலத்திலே கள்ளத்தனமாய்க் கூடுவதோடு அவர் நிற்கவில்லை. தேசபக்தன் என்னும் பத்திரிகையை நடத்தினார். 1931இல் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி, ஹட்டன் நகரிலே, தோட்ட எல்லைக்கு வெளியே அதற்குத் தலைமையகம் கண்டார். துரை வாயிலை அடைத்தாலும் சங்கத்தின் வாயில் திறந்தே இருந்தது. அந்த அறிவு தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னே நமக்கு எப்படித் தேய்ந்துபோயிற்று?

பெயர் எழுதியவன் வைத்ததே சட்டம்

தேய்ந்தது முகநூலில் மட்டுமன்று. தொழிற்சங்கங்கள் வருத்தப்பட்டாலும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பல்லாண்டு காலமாய்ச் சங்கச் சந்தாவைத் தோட்ட நிர்வாகமே சம்பளத்திற் கழித்துச் சங்கத்துக்கு அனுப்பி வந்தது. வசதிதான். ஆனால், எவர் அங்கத்தவர் என்ற கணக்கு செக்ரோலிலே, துரையின் கந்தோரிலே இருந்தது. 2021இல் கூட்டு ஒப்பந்தம் இல்லாமற்போனதும் கம்பனிகள் சந்தாக் கழிப்பை நிறுத்தின. எதிராளியின் ஏட்டிலே தன் அங்கத்தவர் பட்டியலை வைத்திருக்கும் சங்கத்தை எங்கேனும் கண்டதுண்டா? நாம் இங்கே கண்டோம்.

இடாப்பு என்பது மலையகத் தமிழனுக்கு வெறும் காகிதமன்று. 1947 பொதுத் தேர்தலில் மலைநாட்டு வாக்காளர் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டத் திருத்தம் வந்தது. வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர்கள் உதிர்ந்தன. 1952 தேர்தலில் அம்மக்கள் அனுப்ப ஒருவருமில்லை. தம் பெயரை இடாப்பிற் சேர்க்குமாறு கேட்ட கொடக்கன் பிள்ளையின் வழக்கு பிரிவிக் கவுன்சில் வரை போயிற்று. 1953இல் அவர்கள் சொன்ன தீர்ப்பின் சாரம் யாது? தன் பிரசைகள் யாவர் என்று வரையறுக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்பதே. ஒருவனையும் மலையிலிருந்து அடித்து விரட்டாமலே, ஒரு கூரையையும் பிடுங்காமலே, பட்டியலை மாற்றி எழுதி ஒரு மக்களினத்தை ஊமையாக்க முடியும் என்பதை உலகில் எவர்க்கும் முன்னே நாம் கற்றோம்.

"அப்படியானால் உடனே அனைவர் பெயரையும் விலாசத்தையும் எழுதிச் சேர்ப்போம்" என்று துள்ளி எழும் தம்பிமாரைச் சற்றே பொறுக்கச் சொல்கிறோம். இடாப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. 1983 ஜூலையிற் கொழும்பிலே காடையர் தமிழர் வீடுகளைத் தேடி வந்தபோது, அவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. பெயர்ப்பட்டியல் குரலையும் தரும். கொலைகாரனுக்கு வழியையும் காட்டும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள நாட்டிலே, யார் என்ன பேசினார் என்ற ஏட்டை ஒரே இடத்தில் அடுக்கி வைப்பது பேதைமை. ஆதலின் இடாப்பு ஒன்றாயிருத்தல் ஆகாது. தோட்டந்தோறும் தனித்தனியாய் இருக்கட்டும். பெயரும், அழைக்கும் எண்ணும் போதும். அடையாள அட்டை இலக்கம் வேண்டா, கட்சி வேண்டா, சங்கம் வேண்டா, சாதி வேண்டவே வேண்டா. ஒவ்வோர் ஏடும் அத்தோட்டத்தார் தெரிந்தெடுத்த இருவர் கையில் இருக்கட்டும். அவ்விருவரில் ஒருவராவது பெண்ணாயிருக்கவேண்டும் என்பது நமது நிபந்தனை. பெரும்பாலான தோட்டங்களில் ஒவ்வொரு காம்பராவிலும் எவர் இருக்கிறார், எவர் வெளிநாடு போனார் என்பதை உள்ளபடி அறிந்தவர்கள் பெண்களே.

எண்ணிப் பிரித்த கதை

ஏன் கூட்டமாய்ப் பெயரவேண்டும், அவரவர் விரும்பிய தளத்துக்கு அவரவர் போகட்டுமே என்பார்க்கு மலையகத்துக்கு வெளியே உதாரணம் தேடவேண்டியதில்லை.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர். 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்கள். அவருள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்றனர். 1974இல் அதையும் சரிபாதியாய்ப் பிளந்தனர். அம்மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டாரில்லை. தலைகளை எண்ணினர், ஊர்களை எண்ணவில்லை. தலைமன்னார் போகும் கோச்சியிலே ஒரே தோட்டத்தார் ஒன்றாய்த்தான் ஏறினர். இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனபின் ஒருவன் கூடலூருக்கும், ஒருவன் கோத்தகிரிக்கும், ஒருவன் கேரளத்துப் புனலூர் இறப்பர்த் தோட்டத்துக்கும், ஒருவன் கர்நாடகத்துச் சுள்ளியாவுக்கும் அனுப்பப்பட்டான். ஆட்கள் போய்ச் சேர்ந்தனர். காமன் கூத்துக்கு ரதி வேடம் கட்டுபவன் ஓரிடத்திலும் மதன் வேடம் கட்டுபவன் வேறிடத்திலுமாய் ஆயினர். தப்படிப்பவன் ஓரிடம்; பாட்டுத் தெரிந்தவள் ஓரிடம். மருத்துவிச்சியின் கைராசியை அறிந்த பெண்கள் ஒருத்தியும் அவள் போன ஊரில் இல்லை. சமூகம் என்பது தலைகளின் கூட்டுத்தொகை என்று எண்ணியவர்கள் செய்த வேலை அது. ஒரு மக்கட்கூட்டத்தை அழிக்க ஆளைக் கொல்லவேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரனை மாற்றிவிட்டாற் போதும்.

ஒப்பந்தக்காரர் அன்று நம்மைச் சிதறடித்தனர். இன்று நாமே நம்மைச் சிதறடிக்கும் காட்சியை முன்கூட்டியே நம்மாற் காணமுடிகிறது. மூடும் அறிவித்தல் வந்த அன்றே ஒருவர் டெலிகிராமில் ஒரு குழு திறப்பார். மற்றொருவர் வைபரில் திறப்பார். மூன்றாமவர், முதலாமவர் அந்தச் சங்கத்து ஆள் என்று கூறி, தாம் ஒன்று திறப்பார். ஒரு சங்கம் இரண்டானதும், இரண்டு ஐந்தானதும், ஐந்துக்கும் ஆளுக்கொரு கொடி பிறந்ததும் நாம் பார்த்துச் சலித்த கூத்தல்லவா? 2022 ஒக்டோபரில் டுவிட்டர் கைமாறியபோது, மஸ்டொடோன் என்னும், எவரும் தம் சொந்த இயந்திரத்தில் நிறுவிக்கொள்ளக்கூடிய ஏற்பாட்டுக்கு இலட்சக்கணக்கானோர் போனார்கள். போனவரிற் பலர் சில மாதங்களில் திரும்பி வந்தனர். இடம் பொல்லாததன்று, தாம் தேடிய முகங்கள் அங்கே இல்லை. ஒவ்வொருவராய்ப் போனதன் பலன் அது.

கூட்டமாய்ப் போனவர்களும் உளர். லைவ்ஜேர்னல் என்னும் தளத்திலே, தாம் விரும்பிய கதைமாந்தரை வைத்துப் புதுக்கதை எழுதிவந்த ஒரு பெருங்கூட்டத்தார், பெரும்பாலும் பெண்கள், இருந்தனர். 2007 மே மாதத்தில் அத்தளம் எச்சரிக்கையின்றி நூற்றுக்கணக்கான கணக்குகளை அழித்தது. அப்பெண்கள் அடுத்த துரையைத் தேடி ஓடவில்லை. இலாபநோக்கற்ற அமைப்பு ஒன்றைப் பதிவு செய்து, தங்களுக்குள்ளே காசு திரட்டி, சொந்த இயந்திரங்களை வாங்கி, 2009இல் தங்கள் கதைக் களஞ்சியத்தைத் தாங்களே திறந்தனர். இன்றும் அது நன்கொடையால் நடக்கிறது. கற்பனைக் கதைக்காக இத்தனை செய்தார்களே! சம்பளத்துக்கும் சாவுச் செய்திக்கும் மண்சரிவுக்குமாய்க் கூடும் நாம் என்ன செய்திருக்கிறோம்?

செய்யக்கூடியது அரிதன்று. அறிவித்தல் வருமுன்னே, குழுவில் வெளிப்படையாய்ப் பேசி ஐவரைத் தெரிந்தெடுக்க வேண்டும்; நிர்வாகச் சாவி அவருள் மூவரிடமாவது இருக்கவேண்டும். ஒரு தளம் அடைபட்டால் அடுத்துக் கூடும் இடம் இது என்று இன்றே தீர்மானித்து, குழுவின் முகப்பிலே ஆணியடித்து வைக்கவேண்டும். அவ்விடத்தைத் தெரியும்போது பெயரின் பகட்டைப் பாராமல், போட்டதைத் திருப்பி எடுக்கலாமா, பழைய கைபேசியில் ஓடுமா, பனி மூடிய தோட்டத்து அரைகுறைச் சைகையிலும் ஒரு வரித் தமிழ் போய்ச் சேருமா என்று பார்க்கவேண்டும். பெயரும்போது இரண்டு மாதமாவது இரு வாயிலும் திறந்திருக்க, புதிய செய்தி முதலிற் புதிய இடத்திலே வரவேண்டும். மரண அறிவித்தல் எங்கே வருகிறதோ, மக்கள் அங்கே வருவார்கள். இது தோட்டம் அறிந்த உண்மை.

பழையவற்றைக் காப்பது தனிவேலை. இதனை ஆசிரியர்களிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது நமது எண்ணம். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் எழுத்துகளை மின்வடிவிற் பேணி வருகிறது. மலையக ஆவணங்களுக்கும் அங்கே இடமுண்டு. படங்களையும் காட்சிகளையும் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்ற குறிப்போடு சேர்த்து அங்கே கொடுக்கலாம். குறிப்பில்லாத படம் பத்தாண்டு கழித்துக் குப்பை. ஆனால், ஒரு பெண் வெளிக்கள உத்தியோகத்தரின் அடாவடியைப் பற்றிக் குழுவுக்குள்ளே சொல்லி அழுத முறைப்பாட்டை, அவளைக் கேளாமல் எவரும் எந்தக் களஞ்சியத்துக்கும் தூக்கிச் செல்லலாகாது. பொதுமக்கள் சொத்து எது, ஒருத்தியின் சொத்து எது என்று பிரித்தறியாதவன் அவ்வேலைக்கு உதவான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்களை அழிக்க ஆட்களும் நெருப்பும் ஓர் இரவும் தேவைப்பட்டன. இன்று எங்கோ ஒரு கணக்குப் பிரிவில், இந்தத் தளம் இலாபம் தரவில்லை என்று ஒரு கையொப்பம் போதும்.

காசுக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. நகரங்களில் நல்ல சம்பளத்தில் இருக்கும் நம் மருத்துவரும் பொறியியலாளரும் கணக்காளரும் பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடிக்கும் செலவில் ஒரு பங்கை ஒதுக்கினால், சொந்தமாய் ஓர் இயந்திரம் அமர்த்தி ஆண்டு முழுவதும் நடத்தலாம். அதனைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளைகள் நம் தோட்டங்களிலிருந்தே பல்கலைக்கழகங்களுக்குப் போயிருக்கிறார்கள். கட்சித் தலைவர்களிடம் இதற்குக் கையேந்தவேண்டாம். மாலை போட்ட தம் படத்தை முகப்பில் ஒட்டாமல் அவர்கள் சல்லியும் தரமாட்டார்கள்.

இயந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எண்பது பக்கக் கொப்பி ஒன்று ஹட்டனிலோ தலவாக்கலையிலோ எந்தக் கடையிலும் கிடைக்கும். அதன் முதற் பக்கத்தில் எழுதவேண்டியவை குழுவில் ஓயாது பேசுவோரின் பெயர்கள் அல்ல; அவர்களை எப்படியும் கண்டுபிடிக்கலாம். கைபேசியே இல்லாத கிழவிகள், பொத்தான் கைபேசி மட்டும் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற தொழிலாளிகள், மகன் கொழும்பிலும் மருமகள் ஜோர்தானிலுமாய்ப் பேரப்பிள்ளையோடு தனித்திருக்கும் பாட்டிமார் பெயர்களை முதலில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரிடம் ஓடிப்போய்ச் செய்தி சொல்லக்கூடிய அடுத்த காம்பராப் பிள்ளையின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.